பூஷனுடைய பற்கள்

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் பாதையில், செம்பொனார்கோயிலுக்கு அணித்தாக, இன்று கீழப்பரசலூர் என்று ஊரார் வழங்கும் திருப்பறியலூர் இருக்கிறது. அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய அத்தலத்தில்தான் தக்ஷனுடைய யாகம் வீரபத்திரரால் அழிக்கப்பட்டது என்பது ஐதிகம். அந்த யாகசாலையில் விளைந்த அனர்த்தங்களுள் தக்ஷன் தலையிழந்ததையும் பகன் கண்ணிழந்ததையும் நினைவில் வைத்திருக்கும் நம்மவர், பூஷன் என்னும் ஆதித்தியன் பல்லிழந்ததை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தக்ஷன் சிவபெருமானை நிந்தித்துக்கொண்டிருந்தபோது பூஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் என்றும், சிரித்த அந்தப் பற்களையே வீரபத்திரர் உதிர்த்துவிட்டார் என்றும் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தம் கூறுகிறது. பிற்பாடு பெருமான் கோபந்தணிந்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பரிகாரம் அருளுகையில், தக்ஷனுக்கு ஆட்டுத்தலையாவது கிடைத்தது. பூஷனுக்கோ புதுப் பல் கிடைக்கவில்லை. யாகம் செய்கிறவனுடைய பற்களைக்கொண்டே அவன் மெல்லக்கடவன், அரைத்த மாவையே உண்ணக்கடவன் என்று தீர்ப்பாயிற்று. பூஷனுக்குரிய அவிஸை மாவாகவும் கூழாகவும் படைக்கும் வழக்கத்துக்கு, அவன் பல்லில்லாத தேவன் என்பதையே பழைய பிராமண நூல்களும் காரணமாகக் காட்டுகின்றன.

ஆனால் சரக சம்ஹிதை இக்கதைக்கு வேறொரு முடிவு சொல்லுகிறது. ரசாயன சிகிச்சையை விவரிக்கும் பகுதியில், தேவ வைத்தியர்களாகிய அசுவினிகளின் பெருமையைப் பேசப் புகுந்த அந்நூல், பகனுடைய கண்ணையும் இந்திரனுடைய விறைத்துப்போன கையையும் குணப்படுத்திய அவர்களே பூஷனுடைய உதிர்ந்த பற்களுக்கும் சிகிச்சை செய்தார்கள் என்கிறது. மூப்பினால் தளர்ந்த சியவன முனிவருக்கு யௌவனத்தை மீட்டுக்கொடுத்தவர்களும் இவர்களே. பக்தி நூல் ஒன்று, இழந்ததை இழந்ததாகவே ஏற்றுக்கொண்டு கூழைக் குடி என்கிறது. வைத்திய நூல் ஒன்று, இழந்ததைத் திரும்பப் பெறு என்கிறது. இரண்டும் நம்முடைய நூல்களே. இரண்டுக்கும் நாம் கைகூப்புகிறோம்.

இந்தப் புராண விசாரத்தை இங்கே எடுத்ததற்குக் காரணம், இன்று பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும் எவனும் இதே இரண்டு வழிகளின் சந்தியில்தான் கிடக்கிறான் என்பதே. சொத்தையைச் சுரண்டி அடைப்பதா, வேருக்குச் சிகிச்சை செய்து மேலே கேப் போடுவதா, இரு பக்கத்துப் பற்களையும் செதுக்கி நடுவே பாலம் கட்டுவதா, தாடையெலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல்லை நிறுத்துவதா, முன்பற்களின்மீது பீங்கான் தகடு ஒட்டுவதா, வெளுக்கும் மருந்து பூசுவதா, கிளிப் மாட்டி வரிசைப்படுத்துவதா, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைத்துக்கொள்வதா என்று வைத்தியர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது, நோயாளி வாய்விட்டுக் கேட்கும் கேள்விகள் எது நல்லது, எவ்வளவு ஆகும் என்னும் இரண்டுதான். மூன்றாவது கேள்வி ஒன்று அவன் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது: அழியப்போகிற இந்த உடம்புக்கு இதெல்லாம் வேண்டியதுதானா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வைத்தியர் கடமைப்பட்டவர் அல்லர், சமயங்கள் கடமைப்பட்டவை. அவை என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம்.

துறவு நெறிகள் பல்லிடம் கடுமையாகவே நடந்துகொண்டிருக்கின்றன. திகம்பர ஜைன முனிவருக்கு விதிக்கப்பட்ட இருபத்தெட்டு மூலகுணங்களுள், நீராடாமை, வெறுந்தரையில் படுத்தல், தலைமயிரைக் கையால் பறித்தல் ஆகியவற்றோடு பல் துலக்காமையும் ஒன்று. பௌத்த சங்கத்தில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதன்முதலாகத் தியானிக்கக் கொடுக்கும் ஐந்து பொருள்கள் தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்பன. வெளியே தெரிகிற அழகெல்லாம் இந்த ஐந்தில் அடங்கிவிடுவதால், மோகத்தை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது கருத்து. புத்தகோஷர் இலங்கையில் இருந்து இயற்றிய விசுத்திமக்கத்தில் ஒரு கதை வருகிறது. மிகிந்தலையில் வசித்த மகாதிஸ்ஸ தேரர் அநுராதபுரத்துக்குப் பிச்சைக்கு வருகிறார். கணவனோடு பிணங்கி, நன்றாக உடுத்து, பிறந்தகம் நோக்கிப் புறப்பட்ட ஒரு பெண் எதிரே வந்து, அவரை மயக்க எண்ணி உரக்கச் சிரிக்கிறாள். தலைநிமிர்ந்த தேரருக்கு அவளுடைய பல்வரிசை மட்டுமே தெரிகிறது, அதுவும் எலும்பாகத் தெரிகிறது. அந்த க்ஷணத்திலேயே அவர் அரகத நிலையை எய்துகிறார். பின்னால் தேடிவந்த கணவன் பெண்ணொருத்தி இவ்வழியே போனாளா என்று வினவியபோது, ஆணோ பெண்ணோ அறியேன், எலும்புக்கூடு ஒன்று போகக் கண்டேன் என்ற பொருள்பட விடையிறுத்தாராம். பஜகோவிந்தத்தில் ஆதிசங்கரர் பல்லற்ற வாயும் நரைத்த தலையுமாகக் கோலூன்றி நடக்கும் கிழவனைக் காட்டி, அவனையும் ஆசை விடவில்லையே என்று பரிகசிப்பதை அறியாதார் இல்லை.

இவர்களை எல்லாம் கடந்து நிற்பவர் நம்முடைய காரைக்கால் அம்மையார். கணவனுக்காகத் தாங்கிய தசைப் பொதியை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டுமென்று இறைவனிடம் இரந்து பெற்றவர் அவர். திருவாலங்காட்டைப் பாடும்போது அவர் தீட்டிக் காட்டும் பேயுருவத்தில், குழிந்த கண்ணும் ஒட்டிய வயிறும் வெண்பற்களும் உண்டு. அவற்றுள் இரண்டு நீண்டு வெளியே வந்திருக்கும். அழகைக் கேட்டு வரம் வாங்கியவர் புராணங்களில் எண்ணிறந்தோர். அவலட்சணத்தைக் கேட்டு வரம் வாங்கி, அந்த உருவத்தோடு கைலைக்குப் போய் இறைவனாலேயே அம்மை என்று அழைக்கப்பட்டவர் இவர் ஒருவரே என்று சொல்லலாம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மையார் இந்த வரத்தைத் தமக்காகவே கேட்டார். காரைக்கால் வணிகர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பேயாகிவிட வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருவேன்.

இதே சமயங்கள் மறுபுறமும் பேசியிருக்கின்றன. பற்களை எலும்பென்று தியானிக்கச் சொன்ன அதே பௌத்தம், மகாபுருஷ லட்சணங்கள் முப்பத்திரண்டு என்று எண்ணும்போது அவற்றுள் நான்கைப் பல்லுக்கே கொடுத்திருக்கிறது: பற்கள் நாற்பது, அவை சமமானவை, இடைவெளி அற்றவை, கோரைப் பற்கள் மிக வெண்மையானவை. இந்த லட்சணங்கள் எப்படி வாய்த்தன என்பதற்குத் தீக நிகாயத்தின் லக்கண சுத்தம் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் உவப்பானது. கோள் சொல்லி மனிதர்களைப் பிரிக்காமல் பல பிறவிகள் வாழ்ந்தவனுக்குப் பற்கள் இடைவெளியின்றி அமைகின்றன. கள்ள எடையும் கள்ள அளவையும் விட்டு நேர்மையான தொழிலால் ஜீவித்தவனுக்கு அவை சமமாகவும் வெண்மையாகவும் அமைகின்றன. வாக்கின் வாசலில் நிற்பவற்றுக்கு வாக்கினால் வந்த பலன்! அந்தத் தேரர் நடந்த இலங்கையிலேதான், கண்டி தலதா மாளிகையில், ஒரு பல்லுக்குக் கோயிலும் வருஷந்தோறும் யானை ஊர்வலமும் நடக்கின்றன. நம் பக்கத்திலோ, ஒடிந்த தந்தத்தோடே பூஜை கொள்ளுகிற பிள்ளையாரைக் கண்டு எவரும் விக்கிரகம் பின்னமாகிவிட்டது என்று சொல்லுவதில்லை. திருமூலரும் முதலில் உடம்பை இழிவாக எண்ணியிருந்து, பிறகு அதனுள்ளே உத்தமன் குடியிருக்கக் கண்டு, அதைப் பேணத் தொடங்கியதாகத் தாமே சொல்லிக்கொள்கிறார். ஆகவே உடம்பை வெறுப்பதே ஆன்மிகம் என்று ஒருவர் சொன்னால், அவர் பாதி நூல்களைத்தான் படித்திருக்கிறார்.

சரி, பேணலாம், எதுவரையில் பேணலாம்? எல்லைக்கோடு போட்டுப் பார்த்தவர்கள் இஸ்லாமிய நியாய சாஸ்திரிகளும் யூத ரப்பிகளும். குலாப் என்னும் பழைய சண்டையில் மூக்கறுபட்ட அர்ஃபஜா என்பவர் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்; அது துர்நாற்றம் எடுத்தது; ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டதாயிருந்தும், தங்கமூக்கு வைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் அவருக்குச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. இதை ஆதாரமாகக் கொண்டு, ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாம் என்று சட்ட அறிஞர் பலர் முடிவு செய்தனர். மூக்கில் வெள்ளி நாறியது, பல்லுக்கு வெள்ளியே போதுமே என்று இமாம் அபூ ஹனீஃபா தயங்கினார். அவருடைய மாணவர் இமாம் முஹம்மது தங்கத்தையும் அனுமதித்தார். அதே ஹதீஸ் தொகுப்புகளில், அழகின்பொருட்டுப் பற்களுக்கிடையே அரத்தால் இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை இறைவனுடைய படைப்பை மாற்றுகிறவர்கள் என்று கண்டிக்கும் வாசகமும் இருக்கிறது. குறையை நீக்குவது கூடும், உள்ளதை அலங்காரத்துக்காக மாற்றுவது கூடாது என்று ஒரு தெளிவான வரம்பு அதிலிருந்து பிறந்தது. இன்றும் வைத்தியர்கள் புனரமைப்புச் சிகிச்சை ஒரு பக்கம், அழகுச் சிகிச்சை ஒரு பக்கம் என்று பிரிப்பது ஏறக்குறைய இதே வரம்பில்தான்.

யூதர்களின் தால்முதில் வருகிற ரப்பி இஸ்மவேலின் சம்பவம் இந்த வரம்பைச் சற்று அசைத்துப் பார்க்கிறது. ஒருவன் தன் சகோதரியின் மகளை மணப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டான். பெண் அழகற்றவள் என்பது காரணம். ரப்பி அப்பெண்ணைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, அவள் வாயிலிருந்த பொய்ப்பல்லை எடுத்துவிட்டுத் தம் சொந்தச் செலவில் தங்கப் பல் கட்டுவித்து, அலங்கரித்து, அவனுக்குக் காட்டி, இவளையா வேண்டாமென்று சபதம் செய்தாய் என்று கேட்டார். இல்லை என்றான் அவன். சபதத்திலிருந்து அவனை விடுவித்த ரப்பி பின்பு கண்ணீர் விட்டு, நம் பெண்கள் அழகிகளே, வறுமையல்லவா அவர்களை அலங்கோலப்படுத்துகிறது என்னும் கருத்துப்பட வருந்தினாராம். தங்கப் பல் மெல்லுவதற்காகக் கட்டியதன்று; பார்வைக்காகவே கட்டியது. ஆயினும் ஒரு ஞானி அதைச் செய்தார். அவர் இறந்தபோது பெண்கள் அவருக்காக அழ வேண்டும் என்று பிரலாபித்தார்கள்.

குறைநீக்கம், அலங்காரம் என்னும் இந்தப் பிரிவினை எங்கே உடைகிறது என்பதைக் காண நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போனால் போதும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த கிராமங்களில், பல் முளைக்குமுன்பே ஈறுக்குள் அது கெட்டுவிடுகிறது. வெளிவரும்போதே சுண்ணாம்புத் திட்டுகளாய் வருகிறது, பிறகு காவிக் கீற்றுகளும் ஏறுகின்றன. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்று வரம்பு வைத்திருக்கும் அந்தப் பொருளை, பலகாலம் வேறு வழியின்றிக் குடித்தவர்கள் அந்த ஜனங்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்ததற்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று. இந்தப் பற்கள் கரும்பைக் கடிக்கும், முறுக்கை நொறுக்கும். வலி இல்லை, சொத்தை இல்லை. நிறம் ஒன்றே குறை. அப்படிப் பல் வாய்த்த ஒரு கல்லூரிப் பெண்ணைப் பாருங்கள்: சிரிப்பு வரும்போதெல்லாம் வலக்கை தானாக எழுந்து வாயை மூடுகிறது, அல்லது தாவணி முனையோ துப்பட்டாவோ எழுகிறது, வகுப்புப் படத்தில் உதடு இறுகியிருக்கிறது, நேர்முகத் தேர்வில் தெரிந்த விடையையும் தலைகுனிந்து சொல்லுகிறாள். அவள் மேற்பரப்பைச் சுரண்டி மெழுகிக்கொண்டாலும், பசைப்பொருள் பூசிக்கொண்டாலும், பீங்கான் தகடு ஒட்டிக்கொண்டாலும், மெல்லும் தொழிலில் அணுவளவும் கூடுதல் இல்லாத காரணத்தால், சாஸ்திரப்படி அது அலங்காரம், குறைநீக்கம் அன்று. அப்படித் தீர்ப்பளிக்க எந்த நியாயாதிபதிக்கு மனம் வரும்?

ஆகவே என் அபிப்பிராயம் இது. சீர்திருத்தத்துக்கும் சிங்காரத்துக்கும் நடுவே கோடு போட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோட்டைப் பல்லின்மேல் போட முடியாது, பல்லுக்கு உரியவனுடைய மனத்தில்தான் போட முடியும். எல்லாச் சமயங்களும் ஒருமுகமாகக் குறைக்கச் சொல்லுவது தேகத்தைப் பற்றிய ஓயாத நினைவை. பல் சரியாயிருக்கும்போது பல்லென்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒன்று விழுந்துவிட்டாலோ, நாக்கு நாளெல்லாம் அந்தக் குழியையே போய்த் தடவிக்கொண்டிருக்கிறது. கடைவாய்ப் பல் குத்துகிற இரவில் தெய்வமும் இல்லை, தத்துவமும் இல்லை. பிரபஞ்சம் முழுதும் அந்த ஒரு பல்லுக்குள் அடங்கிவிடுகிறது. மேற்சொன்ன பெண்ணுக்கும் இதே கதிதான். அவளை வருத்துவது நரம்பு அன்று, நாணம் என்பதுதான் வேற்றுமை. எந்தச் சிகிச்சை பல்லின் நினைவிலிருந்து ஒருவரை விடுவிக்கிறதோ, அது வெறும் நிறத்தைப் பற்றியதாயினும் தருமமானது; எந்தச் சிகிச்சை அந்நினைவை வளர்த்து விடுகிறதோ, அது எலும்புவரை சென்று செய்ததாயினும் பந்தமே.

இந்த இரண்டாம் வகை எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தியசாலையின் ஜன்னலோரத்திலேயே பார்க்கலாம். நிறம் தேர்ந்தெடுக்கும்போது, பகல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, உலர்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாய்த் தோன்றும் ஆகையால் ஈரம் உலருமுன், மாதிரிப் பற்கள் கோத்த சட்டத்தை வாயருகே பிடித்துப் பார்க்கிறார்கள். வழக்கமான சட்டத்தில் பதினாறு நிறங்கள், நான்கு இனங்களாக. செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல், செஞ்சாம்பல். மனிதப் பல்லின் இயற்கை நிறம் பெரும்பாலும் அந்தப் பதினாறுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அவற்றுக்கு அப்பால், எந்த மனிதனுக்கும் பிறவியில் வாய்க்காத வெண்மைகள் சில இப்போது தனியே விற்பனைக்கு வந்திருக்கின்றன. உள்ளங்கை அளவுக் கைப்பேசியில் தன் முகத்தையே அல்லும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் அந்த வெண்மையைக் கேட்டு வருகிறான். கிடைத்த மறுவாரமே அதற்கும் மேலான வெண்மை உண்டா என்று கேட்கிறான். அவன் குறை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இந்தப் பீங்கான் தகட்டின் சரித்திரமே ஒரு தத்துவ பாடம். ஹாலிவுட் நடிகர்களுக்காகச் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர் முதன்முதலில் செய்தவை, பல்செட்டை ஒட்டும் பொடியால் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவைக்கும் ஒப்பனைப் பொருள்கள். நடிகன் வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தன் பல்லோடு வீட்டுக்குப் போனான். 1955-இல் மைக்கேல் புவனகோர் என்பவர் எனாமலை அமிலத்தால் அரித்துப் பசை பிடிக்கச் செய்யும் முறையை வெளியிட்டார்; பின்னர் அதன்மேல் பீங்கானை நிரந்தரமாக ஒட்டும் வித்தை வளர்ந்தது. நன்மைகள் பல விளைந்தன. ஒடிந்த முன்பல்லை ஒரே அமர்வில் கட்டிவிடுவதும் அந்த வித்தையால்தான். ஆனால் தகடு பொருந்துவதற்காகப் பெரும்பாலும் நல்ல பல்லின் முகத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கவேண்டியிருக்கிறது. தோல் கீறினால் மூடிக்கொள்ளும், எலும்பு முறிந்தால் கூடிக்கொள்ளும். எனாமலோ அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் வெளிவந்ததும் அழிந்துவிடுவதால், போனால் போனதுதான். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தகடு பழுதுபட்டால் மறுபடியும் தகடு. வேஷத்தைக் கலைக்க வழியில்லை. குறையில்லாத இருபது வயதுப் பற்கள் எட்டையோ பத்தையோ இப்படிச் செதுக்குவதை, இறைவன் தந்ததை மாற்றுதல் என்று பழையவர்கள் கண்டித்ததில் ஓர் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பாலித் தீவின் இந்துக்கள் பல்லைச் செதுக்குவதையே ஒரு சமஸ்காரமாக வைத்திருக்கிறார்கள். பருவமடைந்த பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மேல்வரிசை முன்பற்கள் ஆறை, கோரைப்பற்கள் உட்பட, அரத்தால் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். ஆறு பற்கள் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்னும் ஆறு பகைகளுக்கு அடையாளம். மிருகத்தின் கோரையை மழுக்கி மனிதனாக்குவது கருத்து. அரத்தால் கோபம் தேயுமா என்று நாம் சிரிக்கலாம். அவர்களும் அதை அறிவார்கள். ஆனால் பல்லைத் தொடும்போது மனத்தையும் சேர்த்துத் தொடவேண்டும் என்னும் நினைவாவது அந்தச் சடங்கில் இருக்கிறது.

நம்முடைய காலத்தில் இந்த விஷயத்தில் நிறைந்த விடுதலை பெற்றவர் காந்தியடிகள். உணவுக்கு வேண்டியபோது பல்செட்டை அணிந்து, மற்ற வேளைகளில் கழற்றிவிடுவது அவர் வழக்கம். உலகம் முழுதும் பார்த்த அவருடைய படங்களில் சிரிப்பது பொக்கைவாய்தான். சிகிச்சையையும் அவர் மறுக்கவில்லை, தோற்றத்துக்காக அதைத் தாங்கவும் இல்லை.

இனி, பிறர் பல்லால் மெல்லும் பூஷனிடத்தில் ஒரு நிமிஷம் திரும்புவோம். அந்த வரம் சரித்திரத்தில் கோரமாகப் பலித்திருக்கிறது. 1815-இல் வாட்டர்லூ யுத்தகளத்தில் மாண்ட வாலிபர்களின் பற்கள் பிடுங்கப்பட்டுச் சீமான்களின் பல்செட்டுகளில் ஏறின. ஜார்ஜ் வாஷிங்டனுடைய கணக்கில், 1784-ஆம் ஆண்டு, ஒரு பல் வைத்தியரின் பொருட்டுக் கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்கள் விலைக்கு வாங்கிய பதிவு இருக்கிறது. அவருடைய செட்டுகளில் மனிதப் பற்களும் நீர்யானைத் தந்தமும் இருந்தன. ஒருவன் சிரிப்பதற்கு இன்னொருவன் வாய் வெறுமையாக வேண்டும் என்றால் அந்தச் சிரிப்பு பாபம் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. இப்போது பீங்கானும் பிளாஸ்டிக்கும் அந்தக் கொடுமையை ஒழித்துவிட்டன; வேறொரு கேள்வி மட்டும் சப்தமின்றி உள்ளே வந்திருக்கிறது. திருகு பதிக்கத் தாடையெலும்பு போதாதபோது நிரப்பும் எலும்புத்தூளில் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது ஒரு வகை. அதன்மேல் மூடும் சவ்வில் பன்றியிலிருந்து எடுப்பது ஒரு வகை. பசுவை வணங்குகிறவனும், பன்றியை விலக்கியவனும், உயிர்க்கொலையை அஞ்சுகிற ஜைனனும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமையுள்ளவர்கள். செயற்கைத் தூளும் உண்டு, நோயாளியின் சொந்த எலும்பையே எடுத்து வைப்பதும் உண்டு. கேட்காமலே சொல்லுவது வைத்தியரின் தருமம். சொல்லாவிட்டால் கேட்பது நோயாளியின் தருமம்.

பதித்த திருகு நம்முடையதாகிவிடுகிறதா என்றும் கேட்கலாம். ஸ்வீடன் தேசத்துப் பிரேன்மார்க் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிரிய மறுத்ததைக் கண்டார். 1965-இல் முதல் மனிதனுக்குப் பதித்தார். எலும்பு அதை அந்நியமென்று தள்ளாமல் தழுவிக்கொள்கிறது. ஆனால் டைட்டானியம் உருகுவதற்கு 1668 பாகை வெப்பம் வேண்டும்; சிதையின் விறகுக்கு அவ்வளவு சூடு கிடையாது. பால் தெளித்து எலும்பு பொறுக்கும் காலையில், சாம்பலுக்குள் கறுத்த சிறு திருகு ஒன்று கையில் தட்டுப்படும். அதை அஸ்திக் கலசத்தில் சேர்ப்பதா, ஒதுக்குவதா? எந்தத் தர்ம சாஸ்திரமும் இதற்கு விதி எழுதவில்லை. மிலிந்தன் என்னும் அரசன் பௌத்த பிக்ஷுவாகிய நாகசேனரிடம் கேட்ட கேள்விகளில், பல்தானா நாகசேனர் என்பதும் ஒன்று. இல்லை என்றார் பிக்ஷு. இயற்கையாய் முளைத்த பல்லே நாம் அல்ல என்னும்போது, கூலி கொடுத்துப் பதித்த திருகைப் பற்றித் தயங்குவானேன்? உணவை அரைத்து உயிரைத் தாங்கிய அதையும் எலும்போடு சேர்த்து ராமேசுவரத்துக் கடலில் விட்டால் தோஷமில்லை என்பது என் எண்ணம். பெரியவர்கள் வேறாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

காரைக்கால் அம்மையாரிடம் திரும்பி வருவதாகச் சொன்னேன். நம் இல்லங்களில் நடப்பது என்ன? மகளுக்குக் கல்யாணம் என்றால் தெற்றுப்பல்லைச் சரிசெய்யக் கிளிப் போட்டு, வெளுப்பு மருந்தும் பூசி, கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். அதே வீட்டில் பாட்டி சாதத்தைக் குழைத்துப் பிசைந்து விழுங்குகிறாள், முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்கிறாள், அவளுடைய கீழ்ச்செட்டு பேசும்போதெல்லாம் நாக்கோடு எழும்பி எழும்பி ஈற்றைப் புண்ணாக்குகிறது. கொஞ்சம் பார்க்கலாமே என்றால், இந்த வயசிலே என்னத்துக்கு, இனிமேல் என்ன இருக்கு என்று விடை வருகிறது. அந்த வேளையில் நாம் எல்லாரும் வேதாந்திகள். வைராக்கியம் என்பது தானே கேட்டு வாங்கவேண்டிய வரம்; அதைப் பிறருக்கு, அதுவும் செலவை மிச்சம் பிடிக்க, விதித்துவிடும் அதிகாரம் நமக்கு எவரும் கொடுக்கவில்லை. கிழவி தானாக, வேண்டாமப்பா, கஞ்சி போதும் என்று மனநிறைவோடு சொன்னால் அது அவளுடைய தவம். கேட்க நாணி அப்படிச் சொன்னால் அது நம்முடைய பாபம்.

பல் போனபின் தாடையெலும்பு ஆண்டுக்காண்டு தேய்கிறது, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை வெகு விரைவாக. ஒருகாலத்தில் பொருந்திய செட்டு இப்போது ஆடுவது பாட்டியின் குற்றமும் அன்று, கட்டியவர் குற்றமும் அன்று. பெரும்பாலும் அடிப்பக்கத்தை மறுபடி வார்த்து இறுக்கிக்கொள்ளலாம். எலும்பு மிகவும் தேய்ந்திருந்தால், கீழ்த்தாடையில் இரண்டே திருகுகள் பதித்து அவற்றின்மேல் செட்டைப் பூட்டும் முறை இருக்கிறது. 2002-இல் மாண்ட்ரியால் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் எண்ணவேண்டிய சிகிச்சை அதுவே என்று அறிவித்தார்கள். அவ்வளவு செலவுக்கு வசதியில்லாதவர்களுக்கு, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பல்செட் கட்டுகிறார்கள். வீட்டுப் பெரியவரை ஒருநாள் காலையில் அழைத்துக்கொண்டு போங்கள். சாதாரண செட்டுக்கு நாலைந்து முறை போய்வர வேண்டியிருக்கும்.